பீலி தீவுக்கு ஃபெரியில் குடும்பமாகப் போய்வர: முழுமையான வழிகாட்டி

ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில், ஒன்ராறியோக் கரையிலிருந்து ஃபெரியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போனால் பீலி தீவு. பரப்பளவு 42 சதுர கிலோமீற்றர் அளவு. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். கனடாவில் ஆட்கள் வாழும் இடங்களில் ஆகத் தெற்கே இருப்பது இது.

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கமிருந்து அங்கே வெளிக்கிடும் எங்கள் ஆட்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். தங்குமிடத்தை எடுத்து, லீவு போட்டு, மச்சான் குடும்பத்துக்கும் சொல்லிவிட்டு, கடைசியாக ஃபெரியைப் பார்க்கிறார்கள். அப்போது காருக்கு இடம் இருக்காது. தீவுக்குப் பாலம் கிடையாது. ஃபெரியில் ஏற்றும் கார்களின் எண்ணிக்கை சில பத்துகள்தான். ஆகவே எதை முதலில் செய்வது என்பதுதான் இந்தப் பயணத்தில் பெரிய விஷயம்.

இன்னொரு குழப்பம் ரொறன்ரோ தீவுகளுக்குப் போய்வந்த பழக்கத்தால் வருவது. அங்கே டவுன்டவுனில் ஃபெரி ஏறினால் கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஒரே ரிக்கற்றில் போகவும் வரவும் முடியும், கார் கொண்டுபோகும் கதையே இல்லை. பீலிக்கு இவை ஒன்றும் பொருந்தாது. போவதற்கு ஒரு பதிவு, திரும்புவதற்கு ஒரு பதிவு, காருக்குத் தனி இடம், காற்று எழும்பினால் எல்லாமே நிற்கும்.

1. எந்தக் காலம், எத்தனை இரவு

ஃபெரி ஓடுவது இளவேனிலில் இருந்து டிசம்பர் வரைதான். குளிர்காலத்தில் ஏரி உறைவதால் சிறிய விமானம் மட்டுமே. கால அட்டவணையும் மாதத்துக்கு மாதம் மாறும். யூலையில் நாளுக்குப் பல தடவை போகும் ஃபெரி, ஏப்ரலிலும் நவம்பரிலும் குறைவாகவே போகும். போன வருடம் போனவர் சொன்ன நேரத்தை நம்பித் திட்டம் போடக்கூடாது. நீங்கள் போகும் மாதத்தின் அட்டவணையைத் திறந்து பாருங்கள்.

குளிக்க வேண்டுமென்றால் யூலை, ஓகஸ்ட். ஈரி ஏரி ஆழம் குறைந்தது என்பதால் மற்றப் பேரேரிகளைவிடக் கெதியாகச் சூடேறும். பறவை பார்க்க ஆசை என்றால் மே மாதம். ஏரியைக் கடந்து வடக்கே வரும் பறவைகள் இளைப்பாறும் முதல் தரைகளில் இந்தத் தீவும் ஒன்று. ஒக்ரோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் ஃபெசன்ற் என்ற காட்டுக்கோழி மாதிரியான பறவையை வேட்டையாடுபவர்கள் வருவார்கள். அந்த நாட்களில் தங்குமிடமும் கிடைக்காது, பிள்ளைகளோடு காட்டுப் பாதையில் நடக்கவும் மனம் வராது. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு யூலையில் வார நாட்கள். பிள்ளைகள் வளர்ந்த வீட்டுக்கு லேபர் டே கழிந்த செப்ரெம்பர் முதல் பாதி. தண்ணீர் இன்னும் சூடாக இருக்கும், கூட்டம் போய்விட்டிருக்கும்.

ஒரே நாளில் போய்வர நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஸ்காபரோவிலிருந்து ஃபெரி ஏறும் துறைக்கு 350 கிலோமீற்றருக்குச் சற்று மேலே, நெரிசல் இல்லாவிட்டால் நான்கு மணி நேரம். துறையில் ஒரு மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். கடக்க ஒன்றரை மணி நேரம். ஒரு பக்கத்துக்கே ஆறரை மணி நேரம் போய்விடும். குறைந்தது இரண்டு இரவு வையுங்கள். ஒரு இரவுதான் முடியும் என்றால், முதல் நாள் மாலையே துறை இருக்கும் லெமிங்ரன் ஊருக்கு வந்து படுத்து, காலை ஃபெரி பிடித்து, தீவில் ஒரு இரவு தங்குவது நல்லது.

2. காரா, சைக்கிளா, நடையா

இதை ஃபெரி பதிவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். நடந்து ஏறுபவருக்கும் சைக்கிளோடு ஏறுபவருக்கும் இடம் கிடைப்பது சுலபம். தட்டுப்பாடு முழுவதும் காருக்குத்தான்.

அம்மம்மா வருகிறார், கைக்குழந்தை இருக்கிறது, சமையல் பாத்திரத்தோடு போகிறோம் என்றால் கார் வேண்டும். தீவில் பேருந்து கிடையாது, கடையும் கடற்கரையும் அருகருகே இருப்பதும் இல்லை.

இளம் ஆட்கள் மட்டும் என்றால் சைக்கிள் போதும். தீவு தட்டையானது, ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கரையோரமாக ஒரு நாளில் ஆறுதலாகச் சுற்றலாம். ஆனால் சரளைக்கல் போட்ட தெருக்கள் உண்டு. மெல்லிய ரயர் பூட்டிய ரேஸ் சைக்கிள் அங்கே உதவாது. மற்றது வெயில். வயல்களுக்கு நடுவே போகும் தெருக்களில் நிழல் இருக்காது.

நாலைந்து குடும்பம் சேர்ந்து போவது எங்களிடம் வழமை. ஐந்து கார்களுக்கும் ஒரே ஃபெரியில் இடம் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் திரும்பும்போது பிரிய நேரும். சாமானையும் முதியவர்களையும் ஒரு வான் வண்டியில் ஏற்றி, அந்த வண்டிக்கு மட்டும் பதிவு எடுங்கள். மற்றக் கார்களைக் கரையில் விட்டுவிட்டு ஏனையவர்கள் நடந்து ஏறலாம். துறையில் இரவு முழுக்க நிறுத்தலாமா, கட்டணம் என்ன என்பதை மட்டும் பதியும்போதே கேட்டுவிடுங்கள்.

3. ஃபெரி பதிவு: திரும்பும் நாளிலிருந்து தொடங்குங்கள்

பதிவுப் பக்கத்தைத் திறப்பதற்கு முன் இவற்றைக் கையில் வைத்திருங்கள்: வாகனத்தின் இலக்கத் தகடு, அதன் நீளம், உயரம், வருபவர்களின் எண்ணிக்கை, பிள்ளைகளின் வயது, பயணத்தில் கட்டாயம் வரப்போகும் ஒருவரின் கைத்தொலைபேசி எண்.

நீளம் என்றால் காரின் கையேட்டில் இருக்கும் நீளம் அல்ல. பின்னால் சைக்கிள் தாங்கி பூட்டினால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். கூரையில் பெட்டி வைத்தால் உயரம் கூடும். ஃபெரியில் கார்களை நெருக்கி நிறுத்துவார்கள். நீங்கள் சொன்னதைவிட நீளமான வாகனத்தோடு போய் நின்றால், இடம் போதாது என்று அடுத்த ஃபெரிக்கு விடக்கூடும்.

தொலைபேசி எண் சின்ன விஷயமாகத் தெரியும். வீட்டில் கணினி பழகிய மகனோ மகளோதான் அநேகமாகப் பதிவைச் செய்வார்கள், தங்கள் எண்ணையே கொடுப்பார்கள். ஃபெரி ரத்தாகும்போது தகவல் அந்த எண்ணுக்குப் போகும். அவர் ரொறன்ரோவில் வேலையில் இருப்பார். பெற்றோர் லெமிங்ரனில் வெறும் துறையில் நிற்பார்கள். வரப்போகிறவரின் எண்ணைக் கொடுங்கள். மின்னஞ்சலுக்கும் இதே கதைதான்.

பதியும்போது திரும்பும் ஃபெரியை முதலில் பாருங்கள். எல்லாரும் வெள்ளி, சனி என்று வெவ்வேறு நேரங்களில் தீவுக்குப் போவார்கள். ஆனால் வீடு திரும்ப எல்லாருக்கும் வேண்டியது ஞாயிறு பிற்பகல்தான். அந்த நேரத்துக்கான கார் இடங்கள்தான் முதலில் முடியும். திரும்பும் இடம் கிடைத்த பிறகு அதற்கு ஏற்றபடி போகும் நாளைப் பொருத்துங்கள். மாறிச் செய்தால் தீவுக்குப் போக இடம் இருக்கும், வர இடம் இருக்காது.

திரும்புவதற்குக் கடைசி ஃபெரியை எடுக்காதீர்கள். அன்றைய கடைசி ஃபெரி ரத்தானால் அந்த இரவு தீவில்தான். அதற்கு முந்தியதை எடுத்தால், அது பிந்தினாலும் ரத்தானாலும் அன்றைக்கே இன்னொரு வாய்ப்பு இருக்கும். முடிந்தால் அடுத்த நாள் வேலைக்கும் லீவு சொல்லி வையுங்கள்.

காரைப் பதிந்தால் உள்ளே இருப்பவர்களும் பதியப்பட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆட்களையும் சேர்த்திருக்கிறீர்களா, சைக்கிளைச் சேர்த்திருக்கிறீர்களா என்று பணம் கட்டுமுன் ஒரு தடவை பாருங்கள்.

கவனம்: கோடையில் இதே தீவிலிருந்து அமெரிக்காவின் ஒகாயோவில் உள்ள சன்டஸ்கி நகரத்துக்கும் ஃபெரி ஓடியதுண்டு. நீங்கள் பார்க்கும் அட்டவணையில் அதுவும் இருந்தால் கவனமாக இருங்கள். அவசரத்தில் அதைத் தெரிவுசெய்தால், நீங்கள் எடுத்திருப்பது எல்லை தாண்டும் பயணம். கடவுச்சீட்டு வேண்டும், கனடியக் குடியுரிமை இன்னும் எடுக்காமல் இலங்கைக் கடவுச்சீட்டில் இருப்பவருக்கு அமெரிக்க விசாவும் வேண்டும். நீங்கள் தேடுவது லெமிங்ரன் அல்லது கிங்ஸ்வில் என்று எழுதியிருக்கும் பயணம்.

4. தங்குமிடம் அதற்குப் பிறகுதான்

இரண்டையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள். முதலில் நீங்கள் நினைத்த நாட்களில் தங்குமிடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பணம் கட்டாதீர்கள். ஃபெரி இரு பக்கமும் உறுதியானதும் உடனே தங்குமிடத்துக்குக் கட்டுங்கள்.

தீவில் பெரிய ஹோட்டல்கள் இல்லை. வாடகைக் கொட்டேஜ், சிறு விடுதி, முகாம் இடம் என்று இருக்கும். குடும்பத்துக்குக் குசினியோடு கூடிய கொட்டேஜ்தான் நல்லது. காரணம், சாப்பாட்டுக் கடைகள் சிலதான், அவையும் பருவத்துக்கு ஏற்பத் திறந்து மூடும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் வெளியே சாப்பிடலாம் என்று நம்பிப் போனால் உருளைக்கிழங்குப் பொரியலோடு நிற்க நேரும்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது: குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, படுக்கை விரிப்பும் துவாயும் தருவார்களா, குப்பையை என்ன செய்வது, ஃபெரி ரத்தானால் ஒரு இரவு கூடத் தங்கலாமா. கடைசிக் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். தீவில் வீடு வாடகைக்கு விடுபவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல.

5. எந்தத் துறை என்று உறுதிப்படுத்துங்கள்

ஒன்ராறியோக் கரையில் ஃபெரிக்கு இரண்டு துறைகள்: லெமிங்ரன், கிங்ஸ்வில். இரண்டுக்கும் நடுவே காரில் ஏறக்குறைய கால் மணி நேரம். எந்தத் துறையிலிருந்து போகும் என்பது பருவத்தைப் பொறுத்து மாறும், நீர்மட்டத்தாலும் மாறும்.

பயணத்தையே கெடுக்கும் பிழை இதுதான். போன தடவை லெமிங்ரனில் ஏறியவர், இந்தத் தடவையும் அந்த முகவரியையே ஜிபிஎஸ்ஸில் போட்டுவிடுவார். அங்கே போனால் துறை வெறிச்சோடிக் கிடக்கும். கால் மணி நேரம்தானே என்று கிங்ஸ்வில்லுக்கு ஓடினால், வாகனங்களைப் பதியும் நேரம் முடிந்திருக்கும்.

பதிவுச் சீட்டில் துறையின் பெயர் இருக்கும். அதை மூன்று தடவை பாருங்கள்: பதியும்போது, முதல் நாள் இரவு, காலையில் காரை எடுக்கும்போது. போவது ஒரு துறையிலிருந்து, திரும்புவது மற்றத் துறைக்கு என்றும் அமையலாம். கரையில் காரை விட்டுப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

6. மூன்று நாள் முன்பிருந்தே காற்றைப் பாருங்கள்

எல்லாரும் மழையைப் பார்க்கிறார்கள். மழையில் ஃபெரி ஓடும். அதை நிறுத்துவது காற்று.

ஈரி ஏரியின் மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் ஏழு, எட்டு மீற்றர்தான். ஆழம் குறைந்த நீரில் காற்று அடித்தால் அலை சீக்கிரமாக எழும்பும், நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். காலையில் கண்ணாடி மாதிரிக் கிடந்த ஏரி மதியத்துக்குள் கொந்தளிப்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. பலமான தென்மேற்குக் காற்று நெடுநேரம் அடித்தால் தண்ணீர் கிழக்கு முனையில் இருக்கும் பஃபலோ நகரப் பக்கம் தள்ளப்படும். இந்தப் பக்கம் நீர்மட்டம் இறங்கிவிடும். இரு முனைகளுக்கும் இடையே 2 மீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்த நாட்கள் உண்டு. அப்போது துறைக்குள் ஃபெரி நுழைய ஆழம் போதாது. வெயில் எறிக்கும், வானம் நீலமாக இருக்கும், ஆனால் ஃபெரி ரத்து. ஊழியர் பொய் சொல்கிறார் என்று துறையில் சண்டை பிடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர் சொல்வது உண்மை.

எனவே கைத்தொலைபேசியில் இருக்கும் சாதாரண வானிலைச் செயலியை விட்டுவிட்டு, கனடியச் சுற்றுச்சூழல் அமைச்சு வெளியிடும் கடல்சார் முன்னறிவிப்பைத் திறந்து, மேற்கு ஈரி ஏரிப் பகுதியைப் பாருங்கள். காற்றின் வேகம் நொட்டில் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற அளவு) இருக்கும். 20 நொட்டைத் தொட்டால் பலத்த காற்று எச்சரிக்கை போடுவார்கள். பயணம் ஆட்டமாக இருக்கும், வாந்தி வரக்கூடியவர்கள் தயாராக வேண்டும். 34 நொட் என்றால் அது புயற்காற்று எச்சரிக்கை. அன்றைக்கு ஃபெரியை நம்பி வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டாம். முடிவு கப்பல் கப்டனுடையது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

போகும் ஃபெரி ரத்தானால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். லெமிங்ரனுக்குப் பக்கத்திலேயே பொயின்ற் பீலி தேசியப் பூங்கா இருக்கிறது. சதுப்பு நிலத்துக்கு மேலே போட்ட பலகைப் பாதையில் பிள்ளைகள் அரை நாள் நடப்பார்கள். பிள்ளைகளிடம் முன்கூட்டியே "தீவு இல்லாவிட்டால் பூங்கா" என்று சொல்லி வைத்தால், காரில் அழுகை இருக்காது.

7. கரையிலேயே வாங்கி முடிக்க வேண்டியவை

தீவில் கடை உண்டு. ஆனால் சிறியது, சாமான் ஃபெரியில்தான் வர வேண்டும், விலை கூட. அதனால் லெமிங்ரன் சுப்பர்மார்க்கெற்றில் பால், பாண், முட்டை, மரக்கறி, பழம், ஐஸ் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். அந்த ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கண்ணாடி வீட்டுப் பண்ணைகள். தக்காளி, வெள்ளரிக்காய், குடைமிளகாய் புதிதாகக் கிடைக்கும். ஸ்காபரோவிலிருந்து அவற்றைச் சுமந்து வரத் தேவையில்லை.

வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டியது லெமிங்ரனில் கிடைக்காமல் போகக்கூடியது: அரிசி மா, கறித்தூள், கறிவேப்பிலை, புட்டுக் குழல், சம்பலுக்குத் தேங்காய்ப்பூ. முதல் நாளைக்குக் கட்டுச்சாப்பாடு இருந்தால் பெரிய நிம்மதி. தீவில் இறங்கி, வீட்டைத் திறந்து, சாமான் இறக்கி முடியப் பொழுதுபட்டுவிடும். அதன் பிறகு அடுப்பு மூட்ட யாருக்கும் தெம்பு இருக்காது. இடியப்பம், புளிச்சாதம், ரோல்ஸ் எதுவானாலும் சரி.

பெற்றோலை லெமிங்ரனில் நிறைத்துக்கொள்ளுங்கள். மின்சார வாகனம் என்றால் கரையிலேயே முழுமையாக ஏற்றிவிடுங்கள். கொஞ்சம் காசும் கையில் இருக்கட்டும்.

மருந்துதான் முக்கியமானது. தீவில் மருத்துவமனை இல்லை. இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதயம் என்று மருந்து எடுப்பவர்கள், தங்கும் நாட்களைவிட இரண்டு நாளுக்குக் கூடுதலாகக் கொண்டுவர வேண்டும். இன்சுலின் என்றால் அதற்கான குளிர்பெட்டி தனியாக வேண்டும். மீன் வைத்த பெட்டியில் ஐஸுக்கு மேல் நேரடியாக வைத்தால் உறைந்து கெட்டுவிடும்.

8. துறைக்குப் போகும் நாள்

401ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போய், 48ஆம் வெளியேற்றத்தில் இறங்கி, 77ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் லெமிங்ரன். கிங்ஸ்வில் என்றால் அங்கிருந்து மேற்கே இன்னும் கொஞ்சத் தூரம். ரில்பரிக்கு அருகில் இருக்கும் ஒன்றூட் என்ற நெடுஞ்சாலை ஓய்விடத்தில் கடைசியாக நின்று எல்லாரையும் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள்.

ஃபெரி காலை பத்து மணிக்கு என்றால் ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் போதுமென்று கணக்குப் போடுவார்கள். நான்கு மணி நேரம் என்பது தெரு வெறுமையாக இருந்தால்தான். ஒன்ராறியோவின் லண்டன் நகரத்தைத் தாண்டியதும் 401 ஒடுங்கிவிடும், லொறி நிறைய ஓடும், ஒரு விபத்து போதும் ஒரு மணி நேரத்தை விழுங்க. பத்து மணி ஃபெரிக்கு நாலரைக்காவது கார் நகர வேண்டும். அல்லது மதியத்து ஃபெரியை எடுங்கள். அதிகாலையில் எழுப்பிய பிள்ளைகளோடும் நித்திரை கலையாத ஓட்டுநரோடும் ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பதிவு இருந்தாலும் சொன்ன நேரத்துக்கு முன் துறையில் பதிந்துகொள்ளாவிட்டால், உங்கள் இடத்தைக் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அது நியாயமும்கூட. ஒவ்வொரு ஃபெரிக்கும் யாராவது வராமல் போவார்களா என்று வரிசையில் நிற்கும் கார்கள் உண்டு.

குமட்டல் வருகிறவர்கள் கிரவோல் மாதிரியான குளிசையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். அலை ஆட்டத் தொடங்கிய பிறகு எடுத்துப் பயன் குறைவு. பிள்ளைகளுக்கான அளவை மருந்தாளரிடம் கேட்டு எழுதி வையுங்கள். நித்திரை வரும் குளிசை என்பதால் ஓட்டுநர் எடுக்கக்கூடாது. தீவில் இறங்கியதும் அவர் காரை ஓட்ட வேண்டும்.

9. ஃபெரியில்

ஊழியர் கைகாட்டும் இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்து, எல்லாரும் மேல் தளத்துக்குப் போக வேண்டும். கடக்கும் நேரத்தில் கார்த் தளத்துக்கு இறங்க விடமாட்டார்கள். ஆகவே குழந்தையின் பால்போத்தல், நப்பி, குளிர்ச்சட்டை, சாப்பாடு, மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அந்தப் பையைக் காரில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். டிக்கியின் அடியில் வைத்துவிட்டு, இரண்டு கார்களுக்கு நடுவே ஒருக்களித்து நின்று திறக்கப் படாதபாடு படுகிறார்கள்.

காரின் திருட்டு எச்சரிக்கையை அணைத்துவிடுங்கள். கப்பலின் அதிர்வில் அது ஊளையிடத் தொடங்கினால் ஒன்றரை மணி நேரமும் யாரும் போய் நிறுத்த முடியாது.

யூலையிலும் மேல் தளத்தில் காற்று குளிரும். முதியவர்களை உள்ளே, கப்பலின் நடுப்பகுதியில் இருத்துங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

10. தீவில்

வழமையாக மேற்குத் துறையில் இறங்குவீர்கள். மேற்குக் காற்று பலமாக இருந்தால் சில வேளை வடக்குக் கரையில் உள்ள ஸ்கடர் துறையைப் பயன்படுத்துவார்கள். காரில் வருபவருக்கு இது பிரச்சினை இல்லை. நடந்து இறங்குபவர் தங்குமிடத்துக்காரரின் எண்ணைத் தாளில் எழுதி வைத்திருந்தால் அழைத்துக் கேட்கலாம்.

இறங்கியதும் கைத்தொலைபேசியில் ரோமிங்கை அணையுங்கள். அமெரிக்க எல்லை மிகக் கிட்ட. உங்கள் தொலைபேசி ஒகாயோக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் கனடாவுக்குள்ளேயே இருந்துகொண்டு அமெரிக்கக் கட்டணம் கட்ட வேண்டி வரும். வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தெரியும்.

முதல் நாள் மாலைக்கு வடகிழக்கு முனையில் இருக்கும் பழைய வெளிச்சவீடு போதும். 1833இல் கட்டிய கல் கோபுரம். கடற்கரை வழியாகச் சிறிது நடக்க வேண்டும். இரண்டாம் நாள் காலையில், வெயில் ஏறும் முன், தெற்கே ஃபிஷ் பொயின்ற். காட்டுக்குள்ளால் போய் மணல் நாக்கின் நுனியில் முடியும் பாதை. போய்வர 3 கிலோமீற்றருக்குச் சற்று மேல். நடுவே தண்ணீரோ கழிப்பறையோ இருக்குமென்று நம்பிப் போகாதீர்கள்.

அந்த நுனியில் தண்ணீருக்குள் இறங்கக்கூடாது. இரண்டு பக்கத்து அலையும் அங்கே வந்து மோதும், நீரோட்டம் இழுக்கும், கால் வைக்கும் மணலே நகரும். முழங்கால் ஆழம்தானே என்று பிள்ளைகளை விடாதீர்கள். குளிப்பதற்கு வேறு நீண்ட மணற்கரைகள் தீவில் இருக்கின்றன. அங்கும் உயிர்காப்பாளர் இருப்பார் என்று எண்ணாமல், பெரியவர் ஒருவர் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நிற்க வேண்டும்.

ஓகஸ்ட், செப்ரெம்பரில் தண்ணீரின் மேல் பச்சைப் பெயின்ற் ஊற்றியது போலப் படலம் தெரிந்தால் அது நீலப்பச்சைப் பாசி. நச்சு. குளிக்கவும் கூடாது, அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் பாவிக்கக் கூடாது. கொதித்தாலும் நஞ்சு போகாது.

பாம்பைப் பற்றி வீட்டில் எல்லாருக்கும் முன்பே சொல்லி வையுங்கள். கரையோரக் கற்களில் ஈரி ஏரித் தண்ணீர்ப்பாம்பு வெயில் காயும். சாரை மாதிரி நீளமான, நீல நிறப் பாம்பு ஒன்றும் உண்டு. கனடாவிலேயே அது இப்போது வாழ்வது இந்தத் தீவில் மட்டும்தான். இரண்டுக்கும் விஷமில்லை, இரண்டையும் சட்டம் காக்கிறது. பாம்பைக் கண்டால் கல்லைத் தேடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். இங்கே ஒதுங்கி நின்று போக விடுங்கள். தெருவில் வெயில் காய்வதால் காரையும் மெதுவாக ஓட்டுங்கள். நீங்கள் காண்பது கனடாவில் எஞ்சியிருக்கும் கொஞ்சத்தில் ஒன்றாக இருக்கலாம்.

பயப்பட வேண்டியது பாம்புக்கு அல்ல, உண்ணிக்கும், தொட்டால் தோல் அரித்துக் கொப்பளிக்கும் பொய்சன் ஐவி என்ற செடிக்கும். மூன்று இலை சேர்ந்த செடி எதையும் தொடாமல் பாதையின் நடுவில் நடங்கள். நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

11. திரும்பும் நாள்

காலையில் எழுந்ததும் முதலில் காற்றையும் ஃபெரி அறிவிப்பையும் பாருங்கள், வீட்டைக் கூட்டித் துடைப்பது அதற்குப் பிறகு. ரத்து என்று தெரிந்தால் உடனே இரண்டு அழைப்பு: முதலாவது ஃபெரிக்கு, அடுத்த பயணத்தில் காருக்கு இடம் கேட்க, இரண்டாவது வீட்டுக்காரருக்கு. பதிவு இருந்தவர்கள் எல்லாருமே அதே நேரத்தில் இடம் தேடுவதால் அரை மணி நேரம் பிந்தினாலும் வித்தியாசம் தெரியும். துறைக்கு நேரே ஓடிப்போய் வரிசையில் நிற்பது உதவும், ஆனால் அழைத்துவிட்டுப் போங்கள்.

நடந்து ஏறும் ஆட்களை இப்படியான நாளில் முதல் ஃபெரியிலேயே அனுப்பிவிடலாம். அடுத்த நாள் வேலை இருப்பவர், பரீட்சை இருக்கும் பிள்ளை அதில் போகட்டும். கார் ஒருவரோடு பின்னால் வரும்.

குப்பையை வீட்டுக்காரர் சொன்னபடி கட்டி வையுங்கள், அல்லது கரைக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். தீவில் சேரும் ஒவ்வொரு பையையும் யாரோ ஒருவர் ஃபெரியில்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது.

கரையில் இறங்கியதும் கிரவோல் எடுத்தவர் யாரும் ஸ்ரியரிங்கைத் தொட வேண்டாம். 401இல் மாலை வெயில் முதுகுப் பக்கம் விழும், அது நல்லது. ஆனால் களைப்பு லண்டனைத் தாண்டும்போது அமுக்கும். இரண்டு ஓட்டுநர் இருந்தால் அங்கே மாறிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போனதும் படுக்குமுன் எல்லாரும் குளித்து, முழங்காலின் பின்பக்கம், அக்குள், இடுப்பு, காதின் பின்புறம், பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலோடு சேர்த்துப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் பூசவோ நெருப்பு காட்டவோ வேண்டாம். கடித்த இடத்தையும் நாளையும் குறித்து வைத்து மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் கடிவாயைச் சுற்றிச் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் போய்க் காட்டுங்கள்.